ஒரே பிளக், இரண்டு வயர்: சின்ன கிற்றார் அம்ப்பின் பின்பக்கக் கதை

சின்ன அம்ப் ஒண்டும் தனி ஸ்பீக்கர் பெட்டி ஒண்டும் வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேருகினம்: இரண்டையும் எந்த வயரால கொழுவுறது? கேட்டால் இரண்டு வகையான பதில் வரும். ஒரு பக்கம், "கிற்றாருக்குப் போடுற வயரையே போடு, பிளக் ஒண்டுதானே" எண்டு சொல்லுவினம். மற்றப் பக்கம், ஒட்சிசன் நீக்கிய செம்பு, தங்கம் பூசின பிளக், அம்புக்குறி போட்ட உறை எண்டு ஒரு நீளமான பட்டியலும், அம்ப்பின் விலைக்குக் கிட்டவா வாற ஒரு விலையும். முதல் பதில் சில அம்ப்களை எரிச்சுப்போடும். இரண்டாவது எல்லாருடைய பொக்கற்றையும் எரிச்சுப்போடும். டொலர் 360 ரூபாய்க்குப் போய் வந்த ஒரு நாட்டில இருந்து இசை செய்யிற எங்களுக்கு இரண்டும் சின்ன விசயம் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு மின்சாரத்தை விட வரலாறுதான் கூடக் காரணம். கிற்றாரில இருந்து அம்ப்புக்குப் போற கேபிளும், அம்ப்பில இருந்து ஸ்பீக்கருக்குப் போற கேபிளும் உள்ளுக்குள்ள வேற வேற சாமான்கள். ஆனால் இரண்டின்ர முனையிலயும் ஒரே கால் அங்குலப் பிளக். வெளியில பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு வயர். இது எப்பிடி நடந்தது எண்டு பார்த்துக்கொண்டு போனால், எதை வாங்குறது எண்டதும் விளங்கிவிடும்.

அந்தப் பிளக் கிற்றாருக்காகச் செய்யப்பட்டதல்ல. அது தொலைபேசி நிலையத்தின் பிள்ளை. 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதலாவது வணிகத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. ஜோர்ஜ் கோய் என்பவர் கட்டிய அந்தப் பலகையில் பிளக் ஏதும் இருக்கவில்லை. வண்டிக்குப் போடும் போல்ற்றுகளையும் தேநீர்க் கேத்தல் மூடியின் பிடிகளையும் வைத்துச் சமாளித்திருந்தார். சந்தாதாரர்கள் கூடக் கூட அந்த முறை சரிவரவில்லை. வெஸ்ரேர்ண் இலெக்ரிக் கொம்பனியின் சார்ள்ஸ் ஸ்க்ரிப்னர் வேறொரு ஆளியை வடிவமைத்தார். அது மடக்குக் கத்தியைப் போல இருந்ததால் கத்தியின் ஆங்கிலப் பெயரான 'ஜக்நைஃப்' அதற்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நாங்கள் 'ஜக்' எண்டு சொல்லுற ஓட்டைக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான்.

அதே 1878 செப்ரெம்பரில் பொஸ்ரன் நகரில் எம்மா நட் முதலாவது பெண் தொலைபேசி இணைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குப் பின் வந்த பல்லாயிரம் பெண்கள், நாள் முழுக்க ஒரு பலகையின் முன்னால் இருந்து, ஒரு கையால் வயரைச் சொருகி, இன்னொரு கையால் இழுத்து, ஊரை ஊரோடு பேசவைத்தார்கள். கால் அங்குலப் பிளக்கின் வடிவம் அந்த வேலைக்காகத் தேய்ந்து தேய்ந்து வந்த வடிவம். பார்க்காமலே சொருகலாம். எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் பிழைக்காது. சட்டெண்டு இழுத்தால் வந்துவிடும். ஆயிரக்கணக்கான தடவை சொருகி எடுத்தாலும் தேயாது. அது கடத்த வேண்டியிருந்தது குரலை மட்டும்தான், அதாவது மில்லி அம்பியர் கணக்கில ஒரு மெல்லிய மின்னோட்டம். ஒரு ஸ்பீக்கரை இயக்குகிற அளவு மின்சாரம் இதுக்குள்ளால போகும் எண்டு அந்தப் பெண்களோ ஸ்க்ரிப்னரோ நினைச்சிருக்க நியாயம் இல்லை.

அரை நூற்றாண்டு கழித்து மின்கிற்றார் வருகிறது. ஜோர்ஜ் போஷாம்ப் வடிவமைத்த, 'பொரிக்கிற சட்டி' எண்டு பட்டப்பெயர் பெற்ற ரிக்கன்பக்கர் கிற்றார் 1932இல் சந்தைக்கு வந்தது. அதற்கு அம்ப் வேண்டும். அம்ப் செய்தவர்கள் எல்லாரும் றேடியோக்காரர்; கையில் இருந்த சாமானும் றேடியோச் சாமான். லியோ ஃபெண்டரும் அப்படித்தான். 1938இல் கலிபோர்னியாவின் புலர்ரன் நகரில் அவர் திறந்தது ஒரு றேடியோ திருத்துற கடை. தொலைபேசியில் இருந்து ஹெட்ஃபோனுக்கு வந்து, அங்கிருந்து றேடியோவுக்குப் புகுந்திருந்த பிளக், மலிவாகவும் உறுதியாகவும் எங்கேயும் கிடைக்கிறதாகவும் இருந்தது. கிற்றாருக்கு அது நல்லாகவே பொருந்தியது. கிற்றார் பிக்கப் தருவதும் தொலைபேசிக் குரல் போல ஒரு மெல்லிய சமிக்ஞைதான்.

ஸ்பீக்கர் பக்கம் நிலைமை வேற. இன்று நாங்கள் பாவிக்கிற சுருள் அசையும் ஸ்பீக்கரை ஜெனரல் இலெக்ரிக் கொம்பனியின் ரைஸும் கெலொக்கும் 1925இல் வெளிப்படுத்தினார்கள். தொடக்க காலத்தில் போதிய பலமான நிரந்தரக் காந்தம் மலிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே ஸ்பீக்கருக்குள் ஒரு பெரிய கம்பிச் சுருளை வைத்து, அதற்கு மின்சாரம் கொடுத்துத்தான் காந்தம் ஆக்கினார்கள். அந்தச் சுருளே அம்ப்பின் மின் வழங்கலில் இரைச்சலை வடிகட்டும் உறுப்பாகவும் வேலை செய்தது. அதாவது அம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில போன வயர்களில நூற்றுக்கணக்கான வோல்ற் இருந்தது. ஸ்பீக்கரைக் கழற்றினால் அம்ப்பே வேலை செய்யாது. அந்த நாளில "எந்த ஸ்பீக்கர் வயரை வாங்குறது" எண்டு ஒரு கிற்றார்காரர் கேட்டிருந்தால் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பினம்.

அல்னிக்கோ எனும் கலப்பு உலோகக் காந்தங்கள் வந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியதோட அந்தச் சுருள் போய்விட்டது. ஆனாலும் அம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள்ளதான் கிடந்தன. ஃபெண்டரின் சாம்ப் இதற்கு நல்ல உதாரணம். 1940களின் கடைசியில் 'சாம்பியன்' என்ற பெயரில் தொடங்கி 1950களில் 'சாம்ப்' ஆன இந்தப் பெட்டியில் ஒரு 6வி6 வால்வ், ஒரு 8 அங்குல ஸ்பீக்கர், கிட்டத்தட்ட 5 வாற். கிற்றார் பழகுகிற பிள்ளைகளுக்காக விற்றது. உள்ளே அம்ப்பில இருந்து ஸ்பீக்கருக்குப் போறது கொஞ்ச நீளமான ஒரு சாதாரண வயர்ச் சோடி. அதை யாரும் தெரிவுசெய்யவில்லை. தொழிற்சாலையில் கிடந்த வயர். 1970இல் மியாமியின் கிரைட்டீரியா ஸ்ரூடியோவில் எரிக் கிளாப்ரன் 'லேலா' இசைத்தட்டுக்கு வாசித்தபோது பாவித்தது இந்தச் சின்னச் சாம்ப்பைத்தான். வயரால் தொனி கெட்டுப்போகும் எண்டு கவலைப்படுகிற ஆக்கள் அந்தத் தட்டை ஒருக்கால் போட்டுக் கேட்கலாம்.

பெட்டி இரண்டாகப் பிரிந்தது 1960களின் தொடக்கத்தில். மண்டபங்கள் பெருத்தன, சனம் கூடியது, சத்தம் வேண்டும். ஃபெண்டர் அம்ப்பைத் தனியாகவும் ஸ்பீக்கர் பெட்டியைத் தனியாகவும் செய்து ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிற மாதிரி விற்றது. லண்டனின் ஹன்வெல் பகுதியில் மேளம் படிப்பித்துக்கொண்டும் இசைக்கருவிக் கடை நடத்திக்கொண்டும் இருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டர் பாஸ்மன் அம்ப்பின் சுற்றை அடியொற்றி 1962இல் ஜேரிஎம்45 அம்ப்பைக் கொண்டுவந்தார். அதற்கு முதலில் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியைப் போட்டுப் பார்த்தார்கள், ஸ்பீக்கர்கள் தாங்கவில்லை. அதனால் நாலு ஸ்பீக்கர் பெட்டி வந்தது. 1965 அளவில் த ஹூ குழுவின் பீற் ரவுன்ஷென்ட் இன்னும் சத்தம் வேண்டும் எண்டு வந்து நிண்டார். 100 வாற் அம்ப், எட்டு ஸ்பீக்கர் உள்ள ஒரே பெட்டி கேட்டார். அதைச் சுமக்கிறவர்கள் முறையிட, பெட்டியை இரண்டாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினார்கள். றொக் மேடைகளில் நாங்கள் பார்க்கிற அந்தக் கறுப்புச் சுவர் சுமக்கிற ஆக்களின் முதுகு நோவில இருந்து வந்ததுதான்.

எங்கட கதைக்கு முக்கியமான விசயம் இங்கேதான் நடக்கிறது. அம்ப்பும் பெட்டியும் பிரிந்தால் இடையில கழற்றிக் கொழுவக்கூடிய கேபிள் வேண்டும். அதுக்கு எந்தப் பிளக்? கையில கிடந்தது கால் அங்குலம். ஏற்கனவே முன்பக்கம் கிற்றாருக்கு அதே ஓட்டை இருந்தது. பின்பக்கமும் அதையே போட்டார்கள். தொலைபேசிக் குரலுக்காகப் பிறந்த பிளக், இப்போது 100 வாற்றைக் கடத்துகிறது. அதோட, ஒரே மேடையில், ஒரே பைக்குள், ஒரே மாதிரியான இரண்டு கேபிள், இரண்டு நேர்மாறான வேலைக்கு.

நேர்மாறு எண்டு ஏன் சொல்லுறன்? கிற்றார் பிக்கப் தாறது வோல்ற்றின் ஒரு சின்னப் பங்கு. அம்ப்பின் உள்ளீடு வழமையாக 10 இலட்சம் ஓம் தடை உள்ளது. அந்த வயரில போற மின்னோட்டம் ஒரு மைக்ரோ அம்பியரை எட்டுறதே கஷ்டம். இவ்வளவு மெலிந்த சமிக்ஞைக்கு எதிரி வெளியில இருந்து வாற இரைச்சல்: மின்குமிழ், மின்விசிறி, பக்கத்து வீட்டு மோட்டர். ஆகவே கிற்றார் கேபிளில நடுவில ஒரு மெல்லிய கம்பி, அதைச் சுற்றிச் செம்புப் பின்னலால ஒரு கவசம். ஸ்பீக்கர் பக்கத்தில 5 வாற் அம்ப் ஒண்டு 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறது கிட்டத்தட்ட 0.8 அம்பியர். மைக்ரோ அம்பியரோட ஒப்பிட்டால் பத்து இலட்சம் மடங்கு அளவில. இவ்வளவு பலமான ஓட்டத்தை வெளி இரைச்சல் ஒண்டும் செய்யாது, கவசம் தேவையில்லை. தேவைப்படுறது தடிப்பு. இரண்டு சம தடிப்பான செம்பு வயர், அவ்வளவுதான்.

மாத்திப் போட்டால் என்ன நடக்கும்? ஸ்பீக்கர் கேபிளைக் கிற்றாருக்குப் போட்டால் உறுமல் கேட்கும், ஆனால் ஒண்டும் பழுதாகாது. கிற்றார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடுறதுதான் ஆபத்து, அதுவும் அம்ப்பைப் பொறுத்த ஆபத்து. 100 வாற் அம்ப் 8 ஓமுக்கு முழு வேகத்தில 3.5 அம்பியர் தள்ளும். கிற்றார் கேபிளின் நடுக் கம்பி சூடேறி, சுற்றியுள்ள பிளாஸ்ரிக் இளகி, கம்பியும் கவசமும் ஒண்டோட ஒண்டு தொடலாம். அல்லது கம்பியே அறுந்துபோகலாம். திரான்சிஸ்ரர் அம்ப்புக்குத் தொடுகை கூடாது. வால்வ் அம்ப்புக்கு அறுந்துபோறது கூடாது: ஸ்பீக்கர் இல்லாமல் போனால் வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோமருக்குள்ள வோல்ற் ஆயிரத்தைத் தாண்டி எகிறி, அதன் சுருள்களுக்கு இடையில உள்ள காப்பைத் துளைக்கலாம். அம்ப்புக்குள்ள விலை கூடிய சாமான்களில அது ஒண்டு. இதைத் தெரிந்துதான் ஃபெண்டர் தன்ர பல அம்ப்களில, ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றினவுடன் வெளியீடு தானாகவே குறுக்கிணைகிற மாதிரியான சொக்கற்றைப் போட்டது. ஆனால் பிளக் உள்ளே கிடக்க, வயர் அறுந்தால் அந்தச் சொக்கற்றுக்கு ஒண்டும் தெரியாது.

5 வாற் அம்ப்பில ஒரு மீற்றர் கிற்றார் கேபிளைப் போட்டால் உருகுமா? உருகாது. 0.8 அம்பியர் அதை எரிக்கப் போதாது. இதாலதான் "நான் வருசக்கணக்கா இப்பிடித்தான் பாவிக்கிறன்" எண்டு சொல்லுற ஆக்களும் பொய் சொல்லேல்லை. ஆனால் அந்தக் கேபிள் ஒருநாள் பெரிய அம்ப்பின் பின்னால போகும். போகாது எண்டு எந்த பாண்டிலயும் உத்தரவாதம் இல்லை. அதோட மெல்லிய நடுக் கம்பி மடிஞ்சு மடிஞ்சு அறுகிற வாய்ப்பும் கூட.

இனி மற்றப் பக்கத்துப் பதில், அதாவது பொக்கற் எரியிற கதை. இது கிற்றார் உலகத்தில பிறக்கவில்லை. வீட்டில இசைத்தட்டுக் கேட்கிற ஹைஃபை உலகத்தில பிறந்தது. 1970கள் வரைக்கும் அமெரிக்க வீடுகளில ஸ்பீக்கருக்கு இழுத்தது மேசை விளக்குக்குப் போடுற சோடி வயரை. நோயல் லீ எனும் பொறியியலாளர், மேளம் அடிக்கிறவரும்கூட, 1979இல் மொன்ஸ்ரர் கேபிள் கொம்பனியைத் தொடங்கினார். தடித்த, பார்வையான ஸ்பீக்கர் வயரைத் தனிப்பொருளாக விற்றார். அதுவரை அம்ப்போட சும்மா வந்த ஒரு சாமான், இப்போது விளம்பரமும் விலைப்பட்டியலும் உள்ள ஒரு சந்தை.

தடிப்பு முக்கியம் எண்டு அவர் சொன்னதில உண்மை இருக்கு. நீளமான ஓட்டத்துக்கு மெல்லிய வயர் கெடுதல். ஆனால் ஒரு அளவுக்கு மேல? 1983 ஓகஸ்ற்றில் 'ஸ்ரீரியோ றிவ்யூ' சஞ்சிகையில் லோரன்ஸ் கிறீன்ஹில் ஒரு சோதனையை வெளியிட்டார். மொன்ஸ்ரர் கேபிள், சாதாரண 16 கேஜ் விளக்கு வயர், மிக மெல்லிய 24 கேஜ் வயர் மூன்றையும் கண்ணால் பார்க்காமல் காதால் ஒப்பிட வைத்தார். மெல்லிய 24 கேஜின் சத்தக் குறைவைப் பிடிக்க முடிந்தது. மொன்ஸ்ரரையும் 16 கேஜ் விளக்கு வயரையும் கேட்டவர்களால் பிரிக்க முடியவில்லை. 2007இல் மந்திரவாதியும் புரட்டுகளை உரித்துக் காட்டுபவருமான ஜேம்ஸ் ரண்டி, 7,250 டொலர் விலையுள்ள ஒரு சோடி ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண நல்ல கேபிளில இருந்து காதால் பிரித்துக் காட்டுபவருக்குத் தன் 10 இலட்சம் டொலர் பரிசு உண்டு எண்டு அறிவித்தார். பரிசு போகவே இல்லை.

'ஒட்சிசன் நீக்கிய செம்பு' கதைக்கும் ஒரு பழைய வேர் இருக்கு. 1857இல் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, கடலடித் தந்திக் கேபிள்களுக்கு வாங்கின செம்பை அளந்து பார்த்தபோது, ஒரே தடிப்பான கம்பிகள் கடத்துற திறனில வெகுவாக வேறுபட்டன. அந்தக் காலத்தில செம்பின் தூய்மை உண்மையிலேயே பெரிய கேள்வி. அதற்காகவே 1913இல் செம்பின் கடத்துதிறனுக்குச் சர்வதேச நியமம் வைத்தார்கள். இன்று சாதாரண மின்வயர்ச் செம்பே அந்த நியமத்தின் 100 வீதத்தை எட்டும். ஒட்சிசன் நீக்கினது 101 வீதம். அந்த ஒரு வீதத்துக்குத்தான் மிச்சக் காசு. கடலுக்கு அடியில ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போட்டால் அது கணக்கில வரும். அம்ப்புக்கும் பெட்டிக்கும் இடையில ஒரு மீற்றருக்கு வராது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 1 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில ஒரு மீற்றர் கேபிள் எண்டால் போக ஒரு மீற்றர், வர ஒரு மீற்றர். தடை கிட்டத்தட்ட 0.035 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால அது அரை வீதமும் இல்லை. 5 வாற்றில வயருக்குள்ள வீணாகிறது 0.02 வாற் அளவு. மக்கின்ரொஷ் கொம்பனிக்கு ஸ்பீக்கர்கள் வடிவமைத்த றொஜர் ரசல் வைத்த அளவுகோல், வயரின் தடை ஸ்பீக்கரின் தடையில 5 வீதத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும் எண்டது. அந்தக் கணக்குக்கு இதே வயர் 11 மீற்றர் வரைக்கும் தாங்கும். படுக்கையறையில 11 மீற்றர் தள்ளிப் பெட்டி வைச்சிருக்கிற ஆள் ஆரும் இருக்கினமோ தெரியேல்லை.

எங்கட ஹாட்வெயார் கடைகளில இந்த வயர் இன்னும் பிரித்தானிய அங்குலக் கணக்கில கிடைக்கும். '40/76' எண்டு கேட்டால் ஒவ்வொண்டும் 0.0076 அங்குலத் தடிப்புள்ள 40 இழை. சேர்த்தால் கிட்டத்தட்ட 1.2 சதுர மில்லிமீற்றர். 5 வாற், 15 வாற் எல்லாத்துக்கும் அது தாராளம். '23/76' கூட 5 வாற்றுக்குப் போதும். வீட்டுச் சுவருக்குள்ள இழுக்கிற 1/1.13 வயரும் அதே ஒரு சதுர மில்லிமீற்றர்தான், ஆனால் ஒற்றைக் கம்பி. மடக்கி மடக்கிக் கொண்டுதிரிஞ்சால் முறியும். அதை விட்டுவிடுங்கோ. வயரைப் பொறுத்தவரை இவ்வளவுதான் விசயம்.

காசு போட வேண்டியது பிளக்கில. பழுதாகிற கேபிள் பெரும்பாலும் முனையிலதான் பழுதாகும். உலோக உறை உள்ள, திருகி மூடுற பிளக். தடித்த வயர் உள்ளே போகக்கூடிய வாய். வயரை உள்ளே இறுக்கிப் பிடிக்கிற கிளிப். ஈயம் நல்லாப் பிடிச்ச ஒட்டு. வார்த்து மூடின பிளாஸ்ரிக் பிளக்கைத் திறந்து பார்க்க ஏலாது, அதுக்குள்ள என்ன வயர் இருக்கு எண்டும் தெரியாது. கடையில செய்து வாற கேபிள் எண்டால் உறையில 'ஸ்பீக்கர்' எண்டு அச்சடிச்சிருக்கா எண்டு பாருங்கோ.

காதுக்குக் கேட்கிற வித்தியாசம் தாற கேபிள் ஒண்டு உண்மையில இருக்கு, ஆனால் அது முன்பக்கம். கிற்றார் கேபிளின் நடுக் கம்பியும் கவசமும் சேர்ந்து ஒரு கொள்ளளவி மாதிரி வேலை செய்யும், மீற்றருக்கு 100 பிக்கோ ஃபரட் அளவில. பிக்கப்பின் சுருளோட சேர்ந்து அது எந்த மீடிறனுக்கு மேல சத்தம் குறையும் எண்டதைத் தீர்மானிக்குது. 3 மீற்றரை 6 மீற்றர் ஆக்கினால் கூர்மை குறைஞ்சு சத்தம் கொஞ்சம் மங்கும். சில ஆக்கள் அதையே விரும்பி நீளமான சுருள் வயர் பாவிச்சிருக்கினம். பின்பக்கம் 8 ஓமில அதே கொள்ளளவம் குறுக்கிடத் தொடங்குறது 20 கோடி ஹேர்ட்ஸ் அளவில. மனிசக் காது 20,000ஓட நிக்கும். அதாவது "கேபிள் தொனியை மாத்தும்" எண்ட உண்மை முன்பக்கத்தில பிறந்து, பிளக் ஒரே மாதிரி இருந்த ஒரே காரணத்தால பின்பக்கத்துக்கும் வந்திருக்கு.

பிளக்கைப் பிரிச்சால் இந்தக் குழப்பமே இராது எண்டதை ஒலிபெருக்கிக்காரர் கண்டுபிடிச்சிட்டினம். லிச்ரென்ஸ்ரைன் நாட்டு நியூற்றிக் கொம்பனி 1987இல் ஸ்பீக்கொன் எனும் பிளக்கைக் கொண்டுவந்தது. ஸ்பீக்கருக்கு மட்டும், திருகிப் பூட்டுறது, கை படுகிற இடத்தில உலோகம் இல்லை, பாதி இழுத்தால் முனைகள் ஒண்டோட ஒண்டு தொடாது. பெரிய மேடைகள் அதுக்கு மாறிவிட்டன. சின்ன கிற்றார் அம்ப்கள் மாறவில்லை. ஒரு புதுப் பிளக்கை விட, 60 வருசமாக எல்லாருடைய பையிலயும் கிடக்கிற பழைய பிளக்கை விக்கிறது லேசு. ஆகவே எங்களுக்குக் கிடக்கிற வழி இன்சுலேஷன் ரேப்தான். ஸ்பீக்கர் கேபிளின் இரண்டு முனையிலயும் சிவப்பு ரேப்பைச் சுத்தி விடுங்கோ. அம்ப் ஓடிக்கொண்டிருக்கேக்க அதை இழுக்காதேங்கோ.